பாசிங் அவுட் முடிந்த மறுநாள்: தீயணைப்புப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் புதிதாகப் பயிற்றுநர் பொறுப்பு ஏற்றிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

“டிரெய்னிங்ல போட்டுட்டாங்கப்பா” என்று நம்மவர்கள் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். மணியடித்தால் ஓட வேண்டியதில்லை, மறுநாள் பேப்பரில் படமும் வராது. உடம்புக்கு முடியாதவர்களுக்கும் மேலிடத்துக்குப் பிடிக்காதவர்களுக்கும் ஒதுக்கிய இடம் என்றொரு பேச்சு எங்கள் காலத்தில் இருந்தது. இன்றும் முற்றாகப் போயிருக்காது. அதற்கு ஆறுதல் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பயிற்சித் திடலில் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தப் பொறுப்பின் கனம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவைக்க நினைக்கிறேன்.

சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுத்து அனுப்புகிற பிள்ளைகளை வாங்கி, ஹோஸ் சுருட்டவும் ஏணி ஏறவும் முடிச்சுப் போடவும் பழக்கி, பாசிங் அவுட் பரேடில் மிடுக்காக நடக்கவிட்டு நிலையங்களுக்கு அனுப்பிவைத்தால் பயிற்றுநர் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பகுதியைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. புதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது சுலபம். சொன்னதைச் செய்வான், விசிலுக்குப் பயப்படுவான், வீட்டுக்குப் போன் பண்ணும்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வான். சிக்கல் பாசிங் அவுட் முடிந்த மறுநாள் தொடங்குகிறது.

அவன் ஒரு தாலுகா நிலையத்தில் போய்ச் சேர்கிறான். முதல் வாரத்திலேயே ஒரு தீ அழைப்பு. குடோனில் புகை. பி.ஏ. செட்டை, அதாவது சுவாசக் கருவியை, எடுக்கக் கை போகிறது. பக்கத்தில் நிற்கும் அண்ணன், பல வருடம் சர்வீஸ் போட்டவர், கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல் பாசமாகத்தான் சொல்கிறார்: “அதை மாட்டி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் எரிஞ்சு போயிடும்டா. துண்டை நனைச்சு மூக்குல கட்டு, வா.” தம்பி துண்டை நனைக்கிறான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததனாலேயே அது அவனுக்குப் பாடமாகிவிடுகிறது. மாதக்கணக்கில் திடலில் நீங்கள் ஊட்டியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கழன்று விழுந்தாயிற்று.

ஈரத்துண்டு கரித்தூளை ஓரளவு பிடித்துவைக்கும். கார்பன் மோனாக்சைடு அதன் வழியே தாராளமாகப் போகும். ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக்கும் எரிகிற இன்றைய புகையில் சயனைடு வாயுவும் கலந்திருக்கும். அந்த அண்ணன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவர் ஊரில் எரிந்தவை பெரும்பாலும் ஓலைக் கூரையும் வைக்கோற்போரும். திறந்த வெளியில், காற்றோட்டத்தில் நின்று அணைத்த தீ. அவருடைய அனுபவம் பொய்யில்லை. வேறொரு தீயில் கிடைத்த அனுபவம் அது, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் முதல் மாணவர் அந்த அண்ணன். புதியவர்களைப் பழக்கப் பயிற்சி மையத்தில் ஆளிருக்கிறது. பழையவர்களின் பழக்கத்தோடு மல்லுக்கு நிற்க உங்களைத் தவிர ஆளில்லை.

அவரை வகுப்பில் உட்காரவைத்து ‘சுவாசக் கருவியின் பயன்கள்’ என்று ஆரம்பித்தால் பத்தாவது நிமிடம் செல்போனை எடுத்துவிடுவார், நியாயம்தான். கணக்கைக் கொடுங்கள். செட்டின் சிலிண்டர் 6 லிட்டர் என்றால், 300 பார் அழுத்தத்தில் நிரப்பும்போது உள்ளே இருப்பது சுமார் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு என்று வைத்தால் 45 நிமிடம் வருகிறது. எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வது இந்த 45. ஆனால் 55 பார் அளவில் செட்டின் எச்சரிக்கை விசில் ஊதத் தொடங்கும்போது ஆள் வெளியே நிற்க வேண்டும். அந்த மிச்சக் காற்று, சுமார் 330 லிட்டர், உயிருக்கென்று ஒதுக்கியது. அதைக் கழித்தால் வேலைக்குக் கிடைப்பது 36 நிமிடம்.

இப்போது அண்ணனையே செட்டை மாட்டச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறிய ஹோஸை இழுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறட்டும். 63 மில்லிமீட்டர் ஹோஸ் 15 மீட்டர் நீளத்துக்குள் மட்டும் ஏறத்தாழ 47 கிலோ தண்ணீர் இருக்கிறது. அது அவர் தோளுக்குத் தெரியும், புத்தகத்துக்குத் தெரியாது. மேலே கிடக்கும் டம்மியைக் கீழே கொண்டுவரட்டும். ஏறும்போதும் இறங்கியபோதும் கேஜ் என்ன காட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடும் வேலையில் மூச்சு நிமிடத்துக்கு 60 லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். 60 என்றே வைத்தாலும் அந்த 36 நிமிடம் 24 ஆகச் சுருங்கிவிடுகிறது. உள்ளே போன தூரம் திரும்பியும் வரவேண்டும். வரும்போது கையில் ஒரு ஆளும் இருக்கலாம். ஆக, போய்த் தேடுவதற்கு இருப்பது அதில் பாதிகூட இல்லை. இந்த எண்ணை அவரே பலகையில் தன் பெயருக்கு எதிரே எழுதட்டும். நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.

அதன்பிறகு அவரிடம் ஒரு வேலை கொடுங்கள். உள்ளே யார் போனார், எத்தனை மணிக்கு, எவ்வளவு பாரோடு, எந்தப் பக்கம், எப்போது விசில் ஊதும் என்று வெளியே நின்று குறிக்கிற பி.ஏ. கன்ட்ரோல் பலகை. பல இடங்களில் இதை ஓர் அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்கு வருபவர் பார்த்ததும் வண்டிக்குள் போய்விடும். அந்த அண்ணன் கையில் கொடுத்தீர்களானால் போகாது. தம்பியின் காற்றுக்குக் கணக்குப்பிள்ளை அவர்தான் என்று ஆகிவிட்டால், துண்டை நனைக்கச் சொல்ல வாய் வராது.

அடுத்தது கிணறு. நம் நிலையங்கள் பலவற்றில் தீ அழைப்பைவிட மீட்பு அழைப்புதான் அதிகம்: மாடு விழுந்தது, பாம்பு புகுந்தது, லிஃப்ட் நின்றது, மோட்டார் சரிபார்க்க இறங்கியவர் மேலே வரவில்லை. கடைசியாகச் சொன்ன அழைப்பு வந்தால் எனக்கு வயிறு கலங்கும். முதலில் இறங்கியவர் மயங்குகிறார். தூக்கப் போன தம்பி மயங்குகிறார். பக்கத்துக் காட்டுக்காரர் இறங்குகிறார். நம் வண்டி போய் நிற்கும்போது உள்ளே மூன்று பேர், மேட்டில் ஊரே. “வேடிக்கை பாக்கவாய்யா வந்தீங்க, இறங்குங்கய்யா” என்று ஒரு தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார். அந்தக் குரலைத் தாங்கமுடியாமல் செட் இல்லாமல் இறங்கத் துணிகிறவன் உங்கள் குழுவில் நிச்சயம் ஒருவன் இருப்பான். பெரும்பாலும் இருப்பவர்களில் நல்ல மனசுக்காரன் அவன்தான்.

அவனுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 19.5க்குக் கீழே போனால் கேஸ் டிடெக்டர் அலறும். 10க்குக் கீழே நினைவு தப்பும். மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராமலே தப்பலாம். கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புழங்காத கிணற்றில் இலைதழை மட்கியிருந்தால் ஆக்சிஜன் தீர்ந்து கரியமில வாயு அடியில் படுத்திருக்கும். கழிவுநீர்த் தொட்டியிலும் தோல் தொழிற்சாலைத் தொட்டியிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் என்று படித்திருப்போம். 100 பிபிஎம் அளவைத் தொட்டால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும் என்பதைச் சேர்த்துப் படித்தவர்கள் குறைவு. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குவான்.

அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கிற வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது முழுக்க மூடநம்பிக்கை இல்லை. ஆக்சிஜன் 16, 17 விழுக்காட்டுக்கு இறங்கினால் சுடர் அணையும். ஆனால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மோனாக்சைடோ சல்ஃபைடோ இருக்கும்போதும் சுடர் அழகாக எரிந்துகொண்டிருக்கும். மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்குத் திரி. ஊர்ப் பெரியவர் விளக்கோடு வந்தால் அவமதிக்க வேண்டாம். நன்றி சொல்லித் தள்ளி வைத்துவிட்டு, டிடெக்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் நிறுத்திப் படிக்கப் பழக்குங்கள். புளோயரால் காற்றை அடியில் கொண்டுபோய் விட்டபின் மறுபடி படிக்க வேண்டும். இறங்குகிறவருக்கு செட், இடுப்பிலும் மார்பிலும் பட்டை, கயிறு. மேலே இன்னொருவர் செட் மாட்டித் தயாராக. எத்தனை இழுப்புக்கு என்ன பொருள் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். தொட்டியில் ஆள் நுழையும் துளை குறுகலாக இருக்கிறதென்று செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்க எவரையும் விடாதீர்கள்.

இவ்வளவும் கையேட்டில் இருக்கும். இல்லாத ஒன்று, சத்தம். அமைதியான காலை நேரத்தில், காலி கிணற்றில், சிரித்துப் பேசிக்கொண்டு பழகினால் அந்தத் தாயின் குரல் முன்னால் எதுவும் நிற்காது. பயிற்சியின்போது ஐந்தாறு பேரைக் கரையில் நிற்கவைத்துக் கத்தச் சொல்லுங்கள். திட்டட்டும், அழட்டும், கையைப் பிடித்து இழுக்கட்டும். அதற்கு நடுவில் மூன்று மட்ட அளவையும் படித்து முடிக்கிறானா என்று பாருங்கள். நாங்கள் இதைத் தொடங்கியபோது கூத்து என்று சிரித்தார்கள். கூத்தாகவே இருக்கட்டும். ஒத்திகை இல்லாமல் எந்தக் கூத்தும் மேடை ஏறுவதில்லை.

அடுத்துச் சொல்வது எனக்கே கசப்பானது. நம் பயிற்சியில் முன்னேறுவதற்கு டிரில் இருக்கிறது, பின்வாங்குவதற்கு இல்லை. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்துப் பழைய கலச மஹால் எரிந்தபோது கூரை இடிந்து நம்மவர் ஒருவர் இறந்தார். பெண் அதிகாரி ஒருவர் கடுமையாகக் காயமுற்றார். 2020 தீபாவளி நாளில் மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து இரண்டு பேரை இழந்தோம். இரண்டுமே பழைய கட்டடங்கள். மர உத்திரம் போட்டு, மேலே செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை கொட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் நம் பழைய ஊர்களின் கடைத்தெருக்களில் இன்னும் எத்தனையோ நிற்கின்றன. உத்திரம் கரிந்து மெலிவது கீழே நிற்பவருக்குத் தெரியாது. மேலே இருக்கிற பாரம் அப்படியே இருக்கும். அதன்மேல் நாமும் பாரம் ஏற்றுகிறோம். 4,500 லிட்டர் வண்டி ஒன்றை மாடியில் காலி செய்தால் நாலரை டன். ஓடிப்போகிற தண்ணீர் போக, பருத்தித் துணிக்கட்டுகள் குடித்துவைத்துக்கொள்வது அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும்.

சுவரில் புது வெடிப்பு, காரை உதிர்வது, கதவுச் சட்டம் கோணுவது, தரை தளர்வது, எவ்வளவு தண்ணீர் அடித்தும் வெளியே ஓடிவராமல் இருப்பது: இவற்றைப் பார்க்க ஒருவரைத் தனியாக நிறுத்த வேண்டும். பிராஞ்ச், அதாவது ஹோஸின் முனை, பிடித்திருப்பவரால் பார்க்க முடியாது. அப்படி நின்றவர் விசிலை ஊதினால், அது ஹோஸைக் கீழே போட்டுவிட்டு வெளியே வருவதற்கான உத்தரவு என்று எல்லாரும் முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கேதான் சங்கடம். ஹோஸைப் போட்டுவிட்டு வருவது நம் ஆட்களுக்குக் கௌரவக் குறைவு; போதாததற்கு, “ஹோஸ் போனா கணக்குக் கேப்பாங்க சார்” என்ற பயம் வேறு. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஸ்டோர் பதிவேட்டில் ஒரு ஹோஸ் குறைந்தால் வரும் கடிதங்களை நானும் பார்த்திருக்கிறேன். நீங்கள் நடத்தும் டிரிலில் மாதம் ஒருமுறையாவது, வேலை மும்முரமாக நடக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் விசிலை ஊதுங்கள். ஹோஸோடு வருகிறவனைத் திருப்பி அனுப்பி மறுபடி வெறுங்கையோடு வரச்சொல்லுங்கள். தலைகளை எண்ணுங்கள்.

ஏப்ரல் 14 அன்று எல்லா நிலையத்திலும் மௌன அஞ்சலி செலுத்துகிறோம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்த நாள். பருத்தி மூட்டைகளும் வெடிபொருளும் ஒரே கப்பலில். தீ மதியத்திலிருந்தே தெரிந்த தீ; கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துப்போவதா என்று முடிவெடுக்கத் தெரியாமல் நேரம் போனது; வெளியேறச் சொல்லிக் கால் மணி நேரம் போலத்தான் ஆகியிருந்தது, வெடித்துவிட்டது. மௌனம் முடிந்ததும் துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கிளம்பிவிடாமல், அந்த மதியத்தை மணிவாரியாகப் பலகையில் எழுதி, “நீங்க இருந்தா எத்தனை மணிக்கு ஆளை வெளியே எடுத்திருப்பீங்க?” என்று நிலையத்தில் ஒவ்வொருவரையும் கேளுங்கள். ஓட்டுநரையும் கேளுங்கள். பதில்கள் ஒத்துப்போகாது. சண்டை வரும். வரட்டும்.

கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதும் இதே பாடத்தில் சேரும். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு கடைத் தீயில் சிலிண்டர் வெடித்து நம் வீரர் உயிரிழந்தார். வேடிக்கை பார்க்க நின்றவர்களும் கருகினார்கள். 2012இல் சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தபோதும் உதவ ஓடிவந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். கயிறு கட்டுவது ஊர்க்காவல்காரர் வேலை, நம் வேலை தண்ணீர் அடிப்பது என்ற நினைப்பை உங்கள் ஆட்களிடமிருந்து பிடுங்கி எறியுங்கள்.

இனி, நாமே மூட்டுகிற தீ. பயிற்சிக்காகத் தீ வைப்பதில் நம்மூரில் ஒரு தாராளம் உண்டு. பழைய டயர், கொஞ்சம் டீசல், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒரு தீக்குச்சி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் 2001 செப்டம்பரில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு பயிற்றுநரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காலி வீடு ஒன்றில் தீ மூட்டிப் பயிற்சி. சிக்கிக்கொண்டவர்களாக நடிக்க மாடியில் ஆட்களைப் படுக்கவைத்தார்கள். அதில் ஒருவர் 19 வயது. புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர். கீழ்த்தளத்தில் இருந்த ஃபோம் மெத்தை சோஃபாவில் தீ பற்றியதும் மாடி முழுக்க மளமளவென்று புகையும் வெப்பமும் ஏறின. அந்தப் பையன் இறந்துபோனார். பயிற்சியை நடத்திய உதவித் தலைவர் மீது வழக்கு நடந்து, அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது. அந்த நாட்டில் இதற்கென்றே என்எஃப்பிஏ 1403 என்றொரு நெறிமுறை 1986 முதல் இருந்தது. உயிருள்ள ஆளை நடிக்கவைக்கக் கூடாது. என்ன எரியப்போகிறது என்பது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து பயிலுநருக்கு ஒரு பயிற்றுநர். பாதுகாப்புக்கென்றே தனி அலுவலர். எல்லாரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து வெளியேறும் வழியைத் தெரிந்துகொண்ட பிறகே தீ. எல்லாம் எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருப்பதைக் கையில் எடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நம்மூர்க் கணக்கில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்: வெயில். மே மாத மதியத்தில் முழு உடையும் செட்டும் மாட்டி ஓடவிட்டு, மயங்கி விழுந்தவனை “வீக்கு” என்று கேலி செய்கிற பழக்கம் இன்னும் இருந்தால் அதை உங்களோடு முடித்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குள் கடும் டிரில் முடியட்டும். தண்ணீர் குடிப்பதும் டிரிலில் சேர்த்தி. தீக்களத்தில் நம் துறைக்காரர் உயிரை விட நேர்வது தவிர்க்க முடியாமல் போகலாம். திடலில் ஒரு சாவு நடந்தால் அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பம்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: சக்‌ஷனில் நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் இழுக்காது என்பதை எல்லாரும் ஒப்பிப்பார்கள். தங்கள் எல்லையில் எந்தெந்தக் கிணற்றில் கோடையில் தண்ணீர் அதற்குக் கீழே போகிறது, எந்தக் குளத்தருகே வண்டி புதையாமல் நிற்கும் என்று கேளுங்கள். பாதி நிலையங்களில் பதில் ஓட்டுநர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும், அவர் அன்று விடுப்பில் இருப்பார். வரைபடமாகப் போட்டு வாட்ச் ரூமில் ஒட்டச் சொல்லுங்கள்.

மாவட்டத்துக்கு மாவட்டம் பாடம் மாறவும் வேண்டும். விருதுநகரில் அலுமினியப் பவுடர் மேல் தண்ணீர் அடித்தால் ஹைட்ரஜன் கிளம்பும் என்பது முதல் பாடம். திருப்பூரில் பனியன் துணிக்கட்டு வெளியே அணைந்து உள்ளே நாள்கணக்கில் கனல்வது. தேனிக்காரர்களுக்கு 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற்றம் போன 23 பேர் இறந்த காட்டுத்தீ பாடப்புத்தகம். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. தாம்பரம் பயிற்சி மையத்தில் எழுதின ஒரே கால அட்டவணை கோத்தகிரிக்கும் கன்னியாகுமரிக்கும் பொருந்தாது. மாற்றுவதற்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டால், கேட்காமல் மாற்றியவர்கள்தான் நல்ல பயிற்றுநர்கள் என்று சொல்வேன். இதை அதிகாரிகள் படித்தால் வருத்தப்படுவார்கள்.

கையெழுத்து விஷயத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். பயிற்சிப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. வாரம் இன்ன நாள் ஹோஸ் டிரில், இன்ன நாள் ஏணி, இன்ன நாள் பி.ஏ. ஆய்வுக்கு முந்தின இரவு மூன்று மாதத்துக்கான வரிகளை ஒரே பேனாவில் நிரப்பிய பதிவேட்டை ஒரு நிலையத்தில் பார்த்தேன். மழை கொட்டித் தெரு மிதந்த நாளிலும் அங்கே ஏணி டிரில் நடந்திருந்தது. யாராவது இறந்துபோனால் விசாரணைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். நடக்காத நாளை ‘நடக்கவில்லை, வண்டி அழைப்பில்’ என்று எழுதுங்கள். அப்படி எழுதிய வரிகள் சேர்ந்தால்தான் ஆள் பற்றாக்குறை மேலே தெரியும்.

அதேபோல் ‘தகுதி பெறவில்லை’ என்று எழுத வேண்டிய நாள் வரும். உயரத்துக்குப் பயப்படுகிறவன், முகக்கவசம் மாட்டினால் மூச்சுத் திணறிக் கழற்றி எறிகிறவன். கெட்டவர்கள் இல்லை. பயத்தைப் பழக்கிச் சரிசெய்யலாம். பலரைச் செய்திருக்கிறோம், இருட்டறையில் கூடவே நடந்து, கையைப் பிடித்துக்கொண்டு. சிலருக்கு அது வராது. “ஏழைப் பையன் சார், குடும்பமே இவனை நம்பி இருக்கு” என்று போன் வரும். உண்மையாகவே இருக்கும். வாட்ச் ரூம், ஸ்டோர், தடையில்லாச் சான்று வேலை என்று நம் துறையில் வேலை எவ்வளவோ உண்டு, அதற்குப் பரிந்துரை செய்யுங்கள். பி.ஏ. தாளில் மட்டும் தேறியதாகக் கையெழுத்துப் போடாதீர்கள். அவனுக்குப் பின்னால் நிற்கும் கூட்டாளி அந்தக் கையெழுத்தை நம்பித்தான் உள்ளே போகிறான்.

பொதுமக்களுக்குச் செய்துகாட்டும் வேலையும் உங்கள் தலையில்தான் விழும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16இல் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனபிறகு பள்ளிதோறும் போகிறோம், தட்டில் தீ வைத்து அணைத்துக் காட்டிக் கைதட்டல் வாங்கி வருகிறோம். நாம் அணைப்பதைப் பார்த்து யாரும் எதையும் கற்பதில்லை. சமையல் ஆயாவையும் ஆசிரியையையும் தீயணைப்பானின் பின்னைப் பிடுங்கவையுங்கள். 6 கிலோ பவுடர் சிலிண்டர் இருபது விநாடிக்குள் தீர்ந்துவிடும் என்பது அவர்கள் கையால் அடித்துப் பார்த்தால்தான் நம்புவார்கள். அப்புறம் கூரை என்ன, படி எவ்வளவு அகலம், மாடிக் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று சுற்றிப் பாருங்கள். பூட்டைப் பார்த்தால் தலைமை ஆசிரியரிடம் அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

குழந்தையின் உடலைத் தூக்கிவந்த வீரன் அன்றிரவு என்ன செய்கிறான் என்பதும் இனி உங்கள் கவலை. எங்கள் காலத்தில் யாரும் கேட்டதில்லை; அவன் குடிக்கப் போவான், நாங்கள் தெரியாததுபோல் இருந்துவிடுவோம். அழைப்பு முடிந்து வண்டியைக் கழுவுகிற நேரத்தில், ஷிஃப்ட் கலைவதற்கு முன், எல்லாரையும் டீயோடு உட்காரவையுங்கள். என்ன நடந்தது, யார் எதைப் பார்த்தார்கள் என்று மட்டும் பேசச்சொல்லுங்கள். யார் தப்பு என்ற கேள்விக்கு அங்கே இடம் கொடுக்காதீர்கள். அதற்கு வேறு நாற்காலிகள் இருக்கின்றன. மயிரிழையில் தப்பிய சம்பவம் ஏதாவது வாயில் வந்தால் பெயர் போடாமல் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். விருதுநகர் நோட்டைத் தூத்துக்குடியும் தூத்துக்குடி நோட்டை வேலூரும் படிக்க ஒரு வழி பண்ணுங்கள். வாட்ஸ்அப் குழுவே போதும், குட் மார்னிங் படங்களை மட்டும் தடுத்துவிடுங்கள்.

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் எல்லா நிலையத்தையும் சுற்ற முடியாது. பக்கத்தில் இருக்கிற ஒன்றுக்குப் போங்கள். பி.ஏ. சிலிண்டர்களில் ஹைட்ராலிக் டெஸ்ட் தேதி தாண்டியவை எத்தனை என்று எண்ணுங்கள். உயிர்க்கயிற்றை முழு நீளத்துக்கும் விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். டிடெக்டரை ஆன் பண்ணச் சொல்லுங்கள், பேட்டரி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். டம்மி இல்லையென்று சொல்வார்கள். பழைய ஹோஸை வெட்டி, மணல் அடைத்து, எழுபது கிலோவுக்குத் தைத்துக் கொடுக்க ஊரில் ஒரு டார்ப்பாலின் கடைக்காரர் இருப்பார். நிலையத்தின் மூத்த அண்ணனையே அனுப்பி வாங்கி வரச் சொல்லுங்கள். எடை சரியாக இருக்கிறதா என்று அவரே தூக்கிப் பார்ப்பார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவன்